எத்தனை சதவிகிதம் என்பதற்கு முன், எதன் மேல்?

கேள்வி: தேவகோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 36. அப்பச்சி காலமான பிறகு என் பங்குக்கு வந்த பணம் வங்கியில் டெபாசிட்டாக இருக்கிறது, மாதம் சுமார் 7,000 ரூபாய் வட்டி வருகிறது. அசலைத் தொடமாட்டேன். அந்த வட்டியை மட்டும் வைத்து ஆன்லைன் கேசினோவில் போக்கர் வகை ஆட்டங்கள் ஆடலாமா என்று யோசனை. கல்யாண வீடுகளில் மூணு சீட்டு ஆடிய பழக்கம் உண்டு. தளங்களில் கரீபியன் ஸ்டட் 94.78, த்ரீ கார்டு போக்கர் 96.63, கேசினோ ஹோல்டம் 97.84 சதவிகிதம் திருப்பித் தரும் என்று போட்டிருக்கிறது. ஒரு தளம் முதல் டெபாசிட்டுக்கு 100 சதவிகிதம், 10,000 ரூபாய் வரை போனஸ் தருகிறது. இன்னொன்று 200 சதவிகிதம், 25,000 வரை. இரண்டின் நிபந்தனைகளையும் இணைத்திருக்கிறேன். நீங்கள் ஆடிட்டர் என்பதால் கேட்கிறேன்: எந்த ஆட்டம், எந்த போனஸ் லாபம்? முதல் தளத்தில் 2,000 ரூபாய் கட்டிவிட்டேன். போனஸும் ஏறிவிட்டது. இன்னும் ஒரு கைகூட ஆடவில்லை.
– பெயர் வெளியிட வேண்டாம், தேவகோட்டை

பதில்:

தம்பி, இன்னும் ஆடவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. நிபந்தனைகளையும் இணைத்து அனுப்பினீர்கள், அதற்குத் தனியாக ஒரு நன்றி. பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. நீங்கள் கேட்டது கணக்கு, அதனால் கணக்கையே முதலில் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் கொடுக்கல் வாங்கல் செய்த குடும்பங்களில் பெட்டியடிப் பையனுக்கே தெரிந்த ஒன்று உண்டு. வட்டி நூற்றுக்கு இவ்வளவு என்று ஒருவர் சொன்னால், எந்த அசலுக்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்காமல் பேரேட்டில் ஏற்றமாட்டார்கள். நீங்கள் எழுதியிருக்கும் சதவிகிதங்கள் ஒவ்வொன்றிடமும் அதையே கேட்க வேண்டும்: இது எதன் மேல்?

94.78, 96.63, 97.84 ஆகிய மூன்றும் சரியான எண்கள்தான். தளம் பொய் சொல்லவில்லை. ஆனால் அவை நீங்கள் ஒரு கைக்கு மேசையில் வைக்கும் மொத்தப் பணத்தின் மேல் போட்ட கணக்கு அல்ல. சீட்டைப் பார்க்கும் முன் வைக்கும் முதல் பந்தயத்தின் மேல் போட்டது. ஆன்டே என்பார்கள். இந்த ஆட்டங்களில் சீட்டைப் பார்த்த பிறகு பேக் அடிக்கலாம், அதாவது ஆன்டேயை விட்டுவிட்டு விலகலாம், அல்லது மேலும் பணம் வைத்துத் தொடரலாம். த்ரீ கார்டில் தொடர இன்னொரு மடங்கு வைக்க வேண்டும். கரீபியன் ஸ்டட்டிலும் கேசினோ ஹோல்டமிலும் இரண்டு மடங்கு. ஆக, 100 ரூபாய் ஆன்டே என்று உட்கார்ந்தாலும் கேசினோ ஹோல்டமில் ஒரு கைக்குச் சராசரியாக 264 ரூபாய் மேசைக்குப் போகிறது.

முதல் பந்தயத்தை வைத்துப் பார்த்தால், 100 ரூபாய் ஆன்டேக்குக் கேசினோவுக்கு நிற்பது கரீபியன் ஸ்டட்டில் 5 ரூபாய் 22 காசு, த்ரீ கார்டில் 3 ரூபாய் 37 காசு, கேசினோ ஹோல்டமில் 2 ரூபாய் 16 காசு. மேசைக்குப் போகும் மொத்தப் பணத்தை வைத்துப் பார்த்தால் அதே இழப்பு முறையே 2.56, 2.01, 0.82 சதவிகிதம். இரண்டும் உண்மைதான், வேலைதான் வேறு வேறு. ஒரு மாலையில் எவ்வளவு போகும் என்று தெரிய முதல் கணக்கு வேண்டும். போனஸ் நிபந்தனையை முடிக்க எவ்வளவு செலவாகும் என்று பார்க்க இரண்டாவது. இதைக் கலந்துவிட்டால் வரிசையே மாறிப்போகும். நீங்கள் குறிப்பிடாத அல்டிமேட் டெக்சாஸ் ஹோல்டம் என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தயத்தின் மேல் அதன் இழப்பு சுமார் 2.19, அதாவது கேசினோ ஹோல்டமைவிட ஒரு துளி மோசம். மொத்தப் பணத்தின் மேல் 0.53 தான், இந்தக் கணக்கில் அது கேசினோ ஹோல்டமைவிட நல்லது. ஆனால் அதில் 100 ரூபாய் ஆன்டேக்குச் சராசரியாக 415 ரூபாய் மேசையில் இறங்கும். ஏற்ற இறக்கமும் அந்த அளவுக்குப் பெரிது.

ஆக, ஆட்டத்தை மட்டும் கேட்டால் நீங்கள் எழுதிய மூன்றில் கேசினோ ஹோல்டம்தான் குறைவாகத் தின்பது. 100 ரூபாய் ஆன்டேயில் 100 கை ஆடினால் சராசரி இழப்பு 216 ரூபாய். கரீபியன் ஸ்டட் என்றால் 522. கணினியில் 100 கை என்பது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும், கலைத்துப் போட ஆள் தேவையில்லையே. சராசரிதான் 216. ஒரே உட்காரலில் ஒன்றிரண்டு ஆயிரம் மேலேயோ கீழேயோ போவது மிக இயல்பு. முதல் வாரம் ஜெயித்தவர்கள் தங்களுக்குக் கை வந்துவிட்டதாக நம்புவது இதனால்தான். அந்த 216 ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து வங்கிப் பாஸ்புக்கில் தெரியும்.

இந்த எண்கள் எல்லாம் ஒவ்வொரு கையையும் சரியாக ஆடுகிறவருக்கு. த்ரீ கார்டில் ராணி, ஆறு, நான்கு என்ற கைக்குக் கீழே வந்தால் பேக் அடிக்க வேண்டும், அதற்கு மேல் என்றால் தொடர வேண்டும். சீட்டைப் பார்க்காமல் எப்போதும் தொடர்கிறவருக்கு இழப்பு 3.37 அல்ல, 7.65. கேசினோ ஹோல்டமில் நிலைமை நேர் எதிர்: நூற்றில் 82 கை தொடர வேண்டியவை. சும்மா இருக்கும் கை என்று பயந்து அடிக்கடி பேக் அடிக்கிறவர் 2.16-ஐக் கடந்து எங்கேயோ போய்விடுவார். கல்யாண வீட்டு மூணு சீட்டில் எதிராளியின் முகம் பார்த்து ஆடிய பழக்கம் இங்கே உதவாது. கேசினோவுக்காக உங்களுக்கு எதிராக ஆடும் டீலருக்கு மனம் கிடையாது, விதி மட்டும்தான். ஏமாற்றி விரட்ட முடியாது. உண்மையான போக்கரில் ஆட்கள் ஒருவருக்கொருவர் எதிராக ஆடுகிறார்கள், நடத்துகிறவர் ஒரு கழிவு மட்டும் எடுப்பார். நீங்கள் கேட்கும் ஆட்டங்களில் எதிரே இருப்பவரே நடத்துகிறவர். இந்த வேறுபாடு சட்டத்திலும் வரப்போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெயருள்ள ஆட்டம் இரண்டு தளங்களில் ஒன்றுபோல இருக்கும் என்று எண்ண வேண்டாம். த்ரீ கார்டில் ‘பேர் பிளஸ்’ என்ற பக்கப் பந்தயம் உண்டு. டீலரோடு சம்பந்தமில்லை, உங்கள் மூன்று சீட்டில் ஜோடியோ மேலோ வந்தால் பணம். 52 சீட்டில் மூன்றை 22,100 விதமாக எடுக்கலாம். அதில் ஒன்றுக்கும் உதவாதவை 16,440. ஜோடி 3,744. ஒரே சின்னத்து மூன்று, அதாவது ஃபிளஷ், 1,096. வரிசை 720. ஒரே எண் மூன்று 52. ஒரே சின்னத்தில் வரிசை 48. ஜோடிக்கு ஒன்று, ஃபிளஷுக்கு நான்கு, வரிசைக்கு ஆறு, ஒரே எண் மூன்றுக்கு முப்பது, கடைசிக்கு நாற்பது மடங்கு என்று ஒரு தளம் தருகிறது. நீங்களே பெருக்கிக் கூட்டுங்கள்: வரவு 15,928, பற்று 16,440. குறைவது 512, அதை 22,100-ஆல் வகுத்தால் 2.32 சதவிகிதம். இன்னொரு தளம் எல்லாவற்றையும் அப்படியே வைத்து, ஃபிளஷுக்கு மட்டும் நான்குக்குப் பதில் மூன்று தருகிறது. இழப்பு 7.28 ஆகிவிடுகிறது. திரையில் ஒரே ஓர் இலக்கம்தான் மாறியிருக்கும். கேசினோவின் பங்கு மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. நீங்கள் அனுப்பிய முதல் தளத்தின் பட்டியலில் இருப்பது மூன்றுதான், நான் பார்த்தேன்.

சரி, போனஸுக்கு வருவோம்.

100 சதவிகிதம், 200 சதவிகிதம் என்பது எதன் மேல்? நீங்கள் கட்டும் டெபாசிட்டின் மேல். அந்தப் பணத்தை வெளியே எடுக்க விதித்திருக்கும் நிபந்தனை எதன் மேல் என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும். முதல் தளத்தின் நிபந்தனை இது: டெபாசிட்டும் போனஸும் சேர்ந்த தொகையைப் போல 35 மடங்கு பந்தயம் வைத்த பிறகே எடுக்கலாம். ஸ்லாட் ஆட்டங்கள், அதாவது பொத்தானை அழுத்திப் படங்களைச் சுற்றவிடும் ஆட்டங்கள், முழுதாகக் கணக்கில் சேரும். நீங்கள் கேட்ட மூன்றும் அடங்கும் டேபிள் ஆட்டங்களில் வைப்பது 10 சதவிகிதம்தான் சேரும். 30 நாளில் முடிக்க வேண்டும்.

நீங்கள் கட்டியது 2,000, போனஸ் 2,000, ஆக 4,000. அதற்கு 35 மடங்கு 1,40,000. டேபிள் ஆட்டத்தில் வைக்கும் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய்தான் எழுதிக்கொள்வார்கள் என்பதால், நீங்கள் உண்மையில் வைக்க வேண்டியது 14 லட்சம் ரூபாய். 2,000 ரூபாய் பரிசுக்கு 14 லட்சம். இருப்பதில் குறைவாகத் தின்னும் கேசினோ ஹோல்டமையே ஒரு தவறும் செய்யாமல் ஆடினால்கூட 0.82 சதவிகிதம் வீதம் எதிர்பார்க்கும் இழப்பு 11,480 ரூபாய். த்ரீ கார்டில் 28,140. 100 ரூபாய் ஆன்டேயில் இதை முடிக்க 5,300 கைக்கு மேல் ஆட வேண்டும். முப்பது நாளுக்குப் பிரித்தால் தினம் 177 கை. கடையைச் சாத்திவிட்டு இரவு உட்கார்ந்து செய்கிற வேலை.

உங்கள் கணக்கில் இருப்பது 4,000 தான், 11,480 எப்படி இழக்க முடியும் என்று கேட்பீர்கள். முடியாது. அந்த 4,000 வழியிலேயே தீர்ந்துவிடும், நிபந்தனை பாதியில் நிற்கும். அங்கேதான் வட்டிப் பணத்திலிருந்து அடுத்த 2,000 போகும், ஏற்கெனவே இவ்வளவு முடித்துவிட்டோமே என்ற எண்ணத்தில். என் மேசைக்கு வந்த வங்கிக் கணக்குகளில் இந்தத் தடத்தைப் பார்த்திருக்கிறேன்: முதலில் ஆயிரம், இரண்டாயிரம் என்று தொடங்கி, பிறகு ஒரே இரவில் நான்கைந்து தடவை பணம் போயிருக்கும். போனஸ் எதற்குத் தரப்படுகிறது என்று கேட்டால் இதற்குத்தான் என்பேன்.

இரண்டாவது தளத்தின் 200 சதவிகிதம் பார்க்க இன்னும் பெரிது. 12,500 கட்டினால் 25,000 போனஸ், போனஸுக்கு மட்டும் 40 மடங்கு, ஆக 10 லட்சம். ஆனால் டேபிள் ஆட்டங்களும் வீடியோ போக்கரும் கணக்கில் சேரவே சேராது என்று கீழே எழுதியிருக்கிறது. அப்படியென்றால் உங்கள் கேள்விக்கே அந்தத் தளத்தில் இடமில்லை. ஸ்லாட்டில்தான் சுற்ற வேண்டும். நூற்றுக்கு 96 திருப்பித் தரும் ஸ்லாட் என்று வைத்துக்கொண்டாலும் 10 லட்சத்துக்கு 40,000 போகும், வருவது 25,000. ஒரு பந்தயத்துக்கு 500 ரூபாய்க்கு மேல் வைத்தால் ஜெயித்தது எல்லாம் ரத்து என்ற வரியும் இருக்கிறது. அந்த 25,000-ஐ ஒருபோதும் எடுக்க முடியாது, அதை வைத்து ஜெயித்ததை மட்டுமே எடுக்கலாம் என்ற வரியும் இருக்கிறது. இதைப் பணம் என்று ஐந்தொகையில் எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

லாபம் தரும் போனஸே கிடையாதா என்றால், கணக்குப்படி உண்டு. போனஸுக்கு மட்டும் 20 மடங்கு, டேபிள் ஆட்டம் முழுதாகச் சேரும் என்று இருந்தால், 2,000 ரூபாய் போனஸுக்கு 40,000 ரூபாய் பந்தயம், இழப்பு 328 ரூபாய், மிச்சம் 1,672. 2000-களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட சலுகைகள் வெளிநாடுகளில் இருந்தன. கணக்குத் தெரிந்தவர்கள் தளம் தளமாகப் போய் எடுத்தார்கள். அதைக் கண்ட பிறகுதான் டேபிள் ஆட்டங்களுக்குப் பத்து சதவிகிதம், பூஜ்ஜியம் என்ற வெட்டு வந்தது. உங்களைப் போலக் கணக்குப் பார்க்கிறவர் வருவார் என்று தெரிந்தே எழுதிய நிபந்தனை அது.

இதுவரை நான் போட்டது, தளம் நேர்மையாகப் பணம் கொடுக்கும், சட்டமும் குறுக்கே வராது என்ற அனுமானத்தில். நீங்கள் இருப்பது தேவகோட்டையில்.

தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. சூதாட்டம் நடத்துகிறவருக்கு மட்டுமல்ல, ஆடுகிறவருக்கும் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதில் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்று அந்தத் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. உங்களைப் போலக் கேட்கிற சிலர் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு ஆட்கள் ஒருவருக்கொருவர் ஆடும் போக்கரைப் பற்றியது. டீலருக்கு எதிராக ஆடும் த்ரீ கார்டுக்குப் பெயரில் போக்கர் இருப்பதால் அந்தக் குடை கிடைக்காது. அதன் பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டது. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆடும் எந்த ஆட்டத்தையும் நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை, 50 லட்சம் வரை. வங்கிகளும் பணப் பரிமாற்ற நிறுவனங்களும் அதற்குப் பணப் பரிமாற்றம் செய்து தரக் கூடாது. அந்த மத்தியச் சட்டம் ஆடுகிறவரைத் தண்டிக்கவில்லை, மாநிலச் சட்டம் தண்டிக்கிறது.

இதனால் நடைமுறையில் என்ன ஆகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. இப்போது உங்கள் போனுக்கு விளம்பரம் அனுப்புபவை கடல் தாண்டிய தளங்கள். நேராகப் பணம் வாங்க வழியில்லாததால், யாரோ ஒருவரின் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கையோ யுபிஐ முகவரியையோ தருகிறார்கள். ஒவ்வொரு முறையும் அது மாறும். நீங்கள் 2,000 கட்டியபோது யார் பெயர் வந்தது என்று பாருங்கள், தளத்தின் பெயராக இருக்காது. இவை பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த கணக்குகள். இணைய மோசடியில் ஏமாந்தவர்களின் பணமும் அதே கணக்குகள் வழியாக ஓடுகிறது. ஏமாந்தவர் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் செய்தால், அந்தப் பணம் போன தடம் முழுவதும் உள்ள கணக்குகளைப் போலீஸ் நிறுத்திவைக்கச் சொல்லும். நீங்கள் ஜெயித்த 3,000 அந்தத் தடத்திலிருந்து வந்திருந்தால் உங்கள் கணக்கும் நிற்கும். கடையின் நடப்புக் கணக்கில் அது வந்திருந்தால் சரக்கு அனுப்புகிறவருக்குக் கொடுத்த காசோலையும் திரும்பும். புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருக்கும், நீங்கள் அங்கே எழுதிப்போட்டு அலைய வேண்டும். அப்படி நின்ற கணக்கை விடுவிக்க ஆவணம் தயாரித்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது மாதக்கணக்கில் இழுக்கும்.

வரியும் உண்டு. ஆன்லைன் ஆட்டத்தில் நிகரமாக ஜெயித்த தொகைக்கு 30 சதவிகிதமும் செஸ்ஸும் வருமான வரி. தடை செய்யப்பட்ட வழியில் வந்தது என்பதால் வரி இல்லாமல் போகாது. தோற்ற ஆண்டின் நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது, கடை லாபத்தில் கழிக்கவும் முடியாது. மேலே பார்த்த 0.82, 2.01 எல்லாம் இதைச் சேர்க்காத எண்கள்.

அசலைத் தொடமாட்டேன், வட்டி மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் 7,000 என்றால் ஆண்டுக்கு 84,000. அதை அப்படியே டெபாசிட்டில் திரும்பச் சேர்த்தால் அடுத்த ஆண்டு அதற்கும் வட்டி. நம் ஊரில் அப்பச்சி தலைமுறை பணம் சேர்த்தது இந்த ஒரு வழியில்தான், உங்கள் அப்பச்சியும் அப்படித்தான் சேர்த்திருப்பார். என்னைக் கேட்டால் அதில் பாதியைக் கடைச் சரக்குக்குப் போடுங்கள். உங்களுக்குத் தெரிந்த வியாபாரம், அதில் உங்கள் கை திறமைக்குப் பலன் உண்டு. சீட்டு ஆடுவதில் இருக்கும் சந்தோஷம் வேண்டும் என்றால், பணம் வைக்காமல் ஆட அதே ஆட்டங்கள் எத்தனையோ கிடைக்கின்றன. ராணி, ஆறு, நான்கு விதியைப் பழகிப் பாருங்கள், நன்றாகப் பொழுது போகும்.

ஆகவே என் பதில்: மூன்றில் எந்த ஆட்டமும் வேண்டாம், இரண்டில் எந்த போனஸும் வேண்டாம்.

கட்டிவிட்ட 2,000-க்கு இன்றே செய்ய வேண்டியவை இருக்கின்றன. ஒரு கைகூட ஆட வேண்டாம். ஆடினால் போனஸ் நிபந்தனையை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். தளத்தின் உதவிப் பகுதியில் போனஸை ரத்து செய்யச் சொல்லி எழுதுங்கள். ரத்தான பிறகு டெபாசிட்டைத் திருப்பிக் கேளுங்கள். கட்டிய ரசீது, யாருக்குப் போனது என்ற விவரம், உதவிப் பகுதியில் பேசியது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கடையின் நடப்புக் கணக்கு எண்ணை எந்தக் காரணத்துக்கும் தர வேண்டாம். பணத்தை எடுக்க முதலில் வரி கட்டுங்கள், சரிபார்ப்புக் கட்டணம் கட்டுங்கள் என்று கேட்டால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிட்டு 2,000-ஐச் செலவில் எழுதிவிடுங்கள். 1930-க்கும் புகார் செய்யுங்கள். ஆட வேண்டும் என்ற நினைப்பு விடாமல் வந்துகொண்டே இருந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. கணக்கு நிறுத்தப்பட்டதாக வங்கியிலிருந்து தகவல் ஏதாவது வந்தால், யாரிடமும் பணம் கொடுத்துச் சரிசெய்ய முயலாமல் அந்தக் கடிதத்தோடு காரைக்குடிக்கு என்னிடம் வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்.